வேர் பொது, பட்டா தனி: டெக்சாஸின் ஓக் வாடல் நோயும் கூட்டுச் செலவுத் திட்டமும்

லைவ் ஓக் மரத்துக்கு வாடல் நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க, அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து தரையைப் பார்ப்பது நல்லது. உதிர்ந்து கிடக்கும் இலைகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடு நரம்பும் கிளை நரம்புகளும் மட்டும் மஞ்சளாகியோ பழுப்பாகியோ இருக்கும். நரம்புகளுக்கு நடுவே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். பச்சைத் தாளில் மீன் முள்ளை ஒட்டிவைத்தது போலிருக்கும். அப்படி ஒரு கைப்பிடி இலை கிடைத்தால், அந்த மரத்தின் கதை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்து மரத்தின் கதையும் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. லைவ் ஓக் பெயருக்குப் பசுமை மாறா மரம் என்றாலும், குளிர்காலம் முடிந்து வசந்தம் வரும்போது பழைய இலைகளை மஞ்சளாக்கிக் கொட்டிவிட்டுப் புதுத் துளிர் விடும். அது இயல்பான இலையுதிர்வு. அதைப் பார்த்துப் பயந்து வனத்துறையைக் கூப்பிடுபவர்களும் உண்டு. நிஜமாகவே நோய் வந்திருக்கும்போது ‘வருஷா வருஷம் உதிர்வதுதானே’ என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் செலவு வைக்கும்.

நோய்க்குக் காரணம் பிரெட்சியெல்லா ஃபாகசியாரம் என்ற பூஞ்சை. 2017 வரை அதற்கு செரட்டோசிஸ்டிஸ் என்ற பேரினப் பெயர் இருந்தது. பழைய கையேடுகளில் அந்தப் பெயர்தான் கிடைக்கும். 1940-களில் விஸ்கான்சினில் அடையாளம் காணப்பட்டது. டெக்சாஸில் 1961-ல் டாலஸில் உறுதியானது. ஆனால் அதன் முழு ஆட்டம் தெரிந்தது 1970-களின் பிற்பகுதியில், ஆஸ்டினுக்கு மேற்கே சுண்ணாம்புக் குன்றுகளாகக் கிடக்கும் ஹில் கன்ட்ரியில். இன்று மாநிலத்தின் 70-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் அது உண்டு.

பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் இறங்குகிறது. மரமும் தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் ஏறாமல் மரம் வாடிச் சாகிறது.

இரண்டு பாதைகள்

நோய் பரவ இரண்டு வழிகள். நோயைத் தடுக்கும் செலவை அரசும் நில உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுச் செலவுத் திட்டம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

முதல் வழி வான்வழி. ஸ்பானிஷ் ஓக், ஷூமார்ட் ஓக், பிளாக்ஜாக் போன்ற செந்நிற ஓக் வகைகள் நோய் வந்தால் சில வாரங்களிலேயே செத்துவிடும். செத்த மரத்தின் பட்டைக்கு அடியில், குளிரும் ஈரமும் உள்ள மாதங்களில், பூஞ்சை பாய் விரித்தது போலப் படர்ந்து, நடுவில் மேடு கட்டிப் பட்டையை உள்ளிருந்து பிளக்கும். பிளவுக்கு அருகில் மூக்கை வைத்தால் அழுகிய பழ வாடை. அந்த வாடைக்கு வருகிற சாறுண்ணி வண்டுகள், அரிசி மணியைவிடச் சிறியவை, உடம்பில் வித்துகளை ஒட்டிக்கொண்டு அடுத்து நல்ல மரத்தில் யாரோ புதிதாகக் கிளை வெட்டிய காயத்தில் போய் உட்காரும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தில் கத்தி வைக்காதீர்கள், எந்த மாதம் வெட்டினாலும் காயத்தில் உடனே பெயின்ட் அடியுங்கள் என்று டெக்சாஸில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒரு டப்பா பெயின்ட் செய்கிற வேலையை, அதைத் தவறவிட்ட பிறகு ஒரு பாறை அறுக்கும் இயந்திரம் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி தரைக்கு அடியில். லைவ் ஓக் பெரும்பாலும் வேரிலிருந்தே புதுக் கன்றுகளை விட்டுப் பெருகும் மரம். ஒரு தோப்பில் நாற்பது மரம் நிற்கிறது என்றால், மண்ணுக்கு மேலே நாற்பது. கீழே பல இடங்களில் ஒரே வேர்ப் பின்னல்தான். ஒரு மரத்துக்குள் நுழைந்த பூஞ்சைக்கு இந்தப் பின்னல் போட்டுவைத்த சாலை. சராசரியாக ஆண்டுக்கு 75 அடி நகர்கிறது; சில இடங்களில் அதற்கும் மேலே. வேலி எங்கே, வீட்டு எல்லை எங்கே, ஆண்டு வரியை யார் கட்டுகிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வேர் பொது, பட்டா தனித்தனி. இந்த நோயைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கலில் முக்கால்வாசி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

போஸ்ட் ஓக், பர் ஓக் போன்ற வெள்ளை ஓக் வகைகள் இந்த நோயை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தெருவில் அவை மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

திட்டம் என்ன செய்தது

1988-ல் டெக்சாஸ் வனத்துறை (இன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனத்துறை) ஓக் வாடல் ஒடுக்கல் திட்டத்தைத் தொடங்கியது. பணம் பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள மத்திய வனச் சேவையிடமிருந்து. நோயை ஒழிப்பதாக யாரும் சொல்லவில்லை, திட்டத்தின் பெயரே ‘ஒடுக்கல்’தான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முக்கிய ஆயுதம் அகழி. நோய்க்குறி தெரிகிற கடைசி மரத்திலிருந்து 100 அடி தள்ளிக் கோடு போட்டு, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு நிலத்தை அறுத்து, வேர்த் தொடர்பைத் துண்டிப்பது. ஹில் கன்ட்ரியில் மண் என்பது சுண்ணாம்புப் பாறைமேல் போர்த்திய மெல்லிய போர்வை. மண்வெட்டியும் சாதாரணத் தோண்டு இயந்திரமும் அங்கே செல்லாது. பல் பதித்த பெரிய சக்கரமோ சங்கிலியோ கொண்ட பாறை அறுக்கும் இயந்திரம் வர வேண்டும். அது போகிற வழியெல்லாம் வெள்ளைப் புழுதி எழும்பி மரங்களின்மேல் மாவு தூவியது போலப் படியும். அறுத்த அகழியை அப்போதே மூடிவிடலாம். திறந்த பள்ளமாகக் கிடக்க வேண்டிய தேவையில்லை. வேர் அறுந்தால் போதும்.

நடைமுறை இப்படி இருந்தது. நில உரிமையாளர் அழைத்தால் வனத்துறை அலுவலர் வந்து பார்ப்பார். இலையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் கிளையை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் வெயிலில் பூஞ்சை செத்துவிட்டால் சோதனையில் ஒன்றும் வளராது. பிறகு நோய் எதுவரை போயிருக்கிறது என்று நடந்தே அளந்து, எந்தெந்த வீட்டு நிலத்தின் வழியாகக் கோடு போகிறது என்று வரைபடம் போடுவார். அந்தக் கோட்டில் உள்ளவர்கள் சம்மதித்து, ஒப்பந்தக்காரரை வைத்து அறுத்து முடித்து, அலுவலர் பார்த்துச் சரி என்ற பிறகு, செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். அந்தப் பங்கு பாதியைத் தாண்டாது. அதற்கும் ஓர் உச்சவரம்பு. முதலில் முழுப் பணத்தையும் போட வேண்டியது மக்கள்தான்.

இந்த முறையில் திட்டம் தொடங்கிய முதல் இருபது ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்ட அகழிகளின் மொத்த நீளம் 600 மைலுக்கு மேல்.

கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார்

எண்களை விட்டுவிட்டு, ஒரு தெருவைக் கற்பனை செய்து பாருங்கள். பன்னிரண்டு வீடுகள். மூன்று வீடுகளில் மரம் செத்துக்கொண்டிருக்கிறது. அலுவலர் கோடு போட்டதும் முதல் வேடிக்கை தெரியவரும். 100 அடி தள்ளிப் போடுவதால், கோடு விழுகிற நிலத்தில் நோயே இல்லை. அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்து பார்த்தால் அவர் மரங்கள் எல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. அவரிடம் போய், உங்கள் புல்தரையை நான்கடி ஆழத்துக்கு அறுக்க வேண்டும், அதற்கு நீங்களும் காசு தர வேண்டும் என்று சொல்ல வேண்டும். மரம் போன வீட்டுக்காரர்களோ, எங்களுக்குத்தான் எல்லாம் போய்விட்டதே, அகழி எங்களுக்கு எதற்கு என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னும் சங்கடமானவர்கள் நடுவில் இருப்பவர்கள். நோய் மரத்துக்கும் கோட்டுக்கும் இடையே, அந்த 100 அடிக்குள் வீடு. மரம் இன்று பச்சையாகவே இருக்கிறது. ஆனால் அகழி போட்ட நிமிடத்திலிருந்து அது பலி கொடுக்கப்பட்ட மரம். திட்டத்தின் மொழியில் அது ‘தடுப்பு மண்டலம்’. அந்த வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அது அப்பா காலத்தில் ஊஞ்சல் கட்டிய மரம். இவரிடம்தான் கையெழுத்து வாங்கவேண்டும். சில சமயம் இவர் நிலம் வழியாகத்தான் இயந்திரமும் உள்ளே வர வேண்டும்.

ஆக, யார் பலன் பெறுகிறாரோ அவர் கோட்டுக்கு வெளியே இருக்கிறார், பெரும்பாலும் பலன் பெறுவது அவருக்கே தெரியாது. யார் இழக்கிறாரோ அவர் உள்ளே இருக்கிறார். செலவைச் சமமாகப் பிரித்தால் உள்ளே இருப்பவருக்கு அநியாயம். பலனுக்கு ஏற்பப் பிரிக்கலாம் என்றால், அந்தப் பலனை அளந்து யார் சொல்வது? ஐந்து வருடம் கழித்து நோய் வராமல் போன மரத்தைக் காட்டி ‘இது அகழியால் பிழைத்தது’ என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

பொதுப் பணத்தின் உண்மையான வேலை இங்கேதான் என்பது என் எண்ணம். செலவைக் குறைப்பது அதன் சிறிய வேலை. இந்தத் தெருக்கூட்டத்தில் ‘அரசாங்கமே ஒரு பங்கு தருகிறது’ என்ற வாக்கியத்துக்கு இருக்கிற எடை பெரிது. தயங்குகிறவரிடம் அது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: இது பக்கத்து வீட்டுக்காரரின் புலம்பல் மட்டும் இல்லை, தாமதித்தால் இந்தப் பங்கு கிடைக்காமல் போகலாம். மறுக்கிற ஒருவரைக் கட்டாயப்படுத்த இந்தத் திட்டத்தில் வழியில்லை. டெக்சாஸில் 90 சதவீதத்துக்கு மேல் நிலம் தனியாருடையது. என் நிலத்தில் கால் வைக்காதே என்பது அங்கே ஒரு மதம் மாதிரி. மறுத்தால் கோடு அவர் வீட்டைச் சுற்றி வளைந்து போகும், அல்லது அந்த இடத்தில் ஓட்டையோடு நிற்கும். ஓட்டையோடு நின்றால் மற்றவர்கள் போட்ட பணம் தண்டம். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

பேசிக்கொண்டிருக்கும் நேரத்தின் விலை

திட்டத்தைப் பற்றிய பேச்சில் ‘எவ்வளவு சதவீதம் தருகிறார்கள்’ என்பதற்குக் கிடைக்கிற கவனம், ‘எவ்வளவு சீக்கிரம் தோண்டினார்கள்’ என்பதற்குக் கிடைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. நிஜத்தில் பாறையைப் பொறுத்து அடிக்கான கூலி மிகவும் மாறும்.

நோய்த் திட்டு வட்டமாக, 150 அடி ஆரம் என்று வைத்துக்கொள்வோம். 100 அடி தள்ளிக் கோடு போட்டால் 250 அடி ஆரம். சுற்றளவு ஏறத்தாழ 1,570 அடி. அடிக்கு 10 டாலர் என்றால் 15,700 டாலர். மூன்றில் ஒரு பங்கு மானியம் என்றால் சுமார் 5,200 டாலர் திரும்பி வரும், தெரு போடுவது 10,500.

இப்போது கையெழுத்து வாங்க ஒரு வருடம் ஆகிவிட்டது என்று வையுங்கள். பூஞ்சை 75 அடி நகர்ந்துவிட்டது. கோடு 325 அடி ஆரத்துக்குப் போய்விட்டது. சுற்றளவு 2,040 அடி. செலவு 20,400. அதே மூன்றில் ஒரு பங்கு மானியம் போனாலும் தெரு போடுவது 13,600. ஒரு வருடப் பேச்சுவார்த்தை மானியத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. இடையில் செத்த மரங்களின் கணக்கு தனி. அவற்றை வெட்டி அகற்றும் கூலி அதைவிடத் தனி.

கோடு போட்டுவிட்டு இயந்திரம் வரத் தாமதமானால் இன்னும் மோசம். 100 அடி இடைவெளி என்பது 75 அடி வேகத்துக்கு ஏறத்தாழ பதினாறு மாதக் கையிருப்பு. அதுவும் இலையில் நோய் தெரிவதற்கு முன்பே பூஞ்சை வேரில் முன்னே போயிருக்கும் என்பதைச் சேர்க்காமல். ஆறு மாதம் போனால் பாதுகாப்பு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பழைய வரைபடத்தை வைத்துப் புது அகழி தோண்டுவது, மழை விட்ட பிறகு குடை பிடிப்பதைப் போல இல்லை. குடையை வீட்டில் வைத்துவிட்டு நனைவதைப் போல. காசும் போட்டாயிற்று, மரமும் போயிற்று.

இதனால்தான், அகழிக்குத் தருகிற பணத்தைவிட, கூப்பிட்டதும் வந்து பார்த்து அன்றே கோடு போட்டுத் தருகிற அலுவலர்களுக்குத் தருகிற சம்பளமே இந்தத் திட்டத்தின் நல்ல முதலீடு என்று நினைக்கிறேன். அவர்தான் கையெழுத்து வாங்குவதில் நடுநிலை ஆள். எந்த வீட்டுக்கும் உறவும் இல்லை, பகையும் இல்லை.

அகழி எவ்வளவு வேலை செய்தது

1990-களின் நடுப்பகுதியில் வனத்துறை முதல் சில ஆண்டுகளின் அகழிகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அகழிகளில் நோய் மறுபக்கம் தாண்டவில்லை. மூன்றில் ஒன்றில் தாண்டியது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஓட்டையுள்ள கோடுகளும் ஆழம் குறைந்த அகழிகளும் நோய்க்கு மிக அருகில் போட்டவையும் இதில் அடக்கம் என்பதால், எனக்கு இது மோசமாகத் தெரியவில்லை. தாண்டிய இடத்தில் சின்னதாக இன்னொரு அகழி போட்டு அடைத்துவிடலாம். ஆனால் அதற்கு அதே அண்டை வீட்டாரிடம் இரண்டாவது முறை காசு கேட்க வேண்டும். முதல்முறை கேட்டதைவிட அது கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பிரச்சினை வேரே. அறுத்த வேர் மீண்டும் வளரும். 2002-ல் வில்சன், லெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வெறும் அகழி முதல் மூன்று ஆண்டுகள் வரை நன்றாகத் தடுத்தது. அகழிக்குள் தடுப்புத் துணி போன்ற ஒன்றைச் செருகினால் அது வெகுகாலம் நீடித்தது. அதிலும் தண்ணீரைக் கசியவிடும் துணி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக்கைவிட நல்ல பலன் தந்தது. பிளாஸ்டிக்கில் முட்டிய வேர் வழி தேடி ஓரத்தைச் சுற்றிப் போய்விடுகிறதாம். துணியைச் செருகினால் செலவு கூடும். தெருக்கூட்டத்தில் செலவு கூடுகிற யோசனையை யார் சொல்வார்கள்?

தனியாக மரத்தைக் காப்பாற்றவும் ஒரு வழி இருக்கிறது. புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை நிறையத் தண்ணீரில் கலந்து, அடிமரம் விரியும் இடத்தில் சிறு சிறு துளையிட்டுக் குழாய் வழியே செலுத்துவது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதைப் போலத்தான் பார்க்க இருக்கும். நோய் வருவதற்கு முன்போ தொடக்கத்திலோ செய்தால் அந்த ஒரு மரம் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அது வேர்வழிப் பரவலை நிறுத்தாது. பச்சையாக நிற்கிற மரத்தின் கீழே பூஞ்சை பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு இதுதான் மிஞ்சிய வழி, அதன் செலவு அவர் பையிலிருந்து. வசதி உள்ள வீடுகள் ஆளுக்கு இரண்டு மரத்துக்கு மருந்து ஏற்றிவிட்டு, அகழிக் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுகிற ஆபத்தும் இதில் உண்டு.

ஆஸ்டினில் ட்ரீட்டி ஓக் என்ற பழம்பெரும் மரத்துக்கு 1989-ல் ஒருவன் களைக்கொல்லி ஊற்றினான். அது இந்த நோய் கிடையாது. ஆனால் செய்தி பரவியதும் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் தொகை எழுதாத காசோலையே கொடுத்தார். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு பிழைத்து இன்றும் நிற்கிறது. பெயர் உள்ள மரத்துக்கு வெற்றுக் காசோலை. பெயரில்லாத நாற்பது மரங்களுக்குப் பன்னிரண்டு கையெழுத்து.

மணலில் இதே கதை

மினசோட்டாவிலும் இதே நோய்க்கு மத்திய அரசுப் பணத்தோடு இதே மாதிரித் திட்டம் 1990-களில் நடந்தது. மினியாபொலிஸுக்கு வடக்கே அனோக்கா மாவட்டம் மணற்பாங்கு. அங்கே பாறை அறுக்க வேண்டாம்; அதிர்ந்துகொண்டே மண்ணுக்குள் இழுபடும் 5 அடி நீளக் கத்தி பொருத்திய கலப்பையே போதும். கேபிள் பதிக்க வந்த கருவி வேர் அறுக்கப் போனது. நிலத்தில் திறந்த பள்ளமே தெரியாது, புல்தரை கொஞ்சம் கீறியது போல இருக்கும். மரங்களும் வேறு: செந்நிற ஓக் வகைகள், ஒரே வேரிலிருந்து வளர்ந்தவை அல்ல, அருகருகே நின்று வேர்கள் ஒட்டிக்கொண்டவை.

அந்த மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, நோயை அப்படியே விட்டால் 2007 தொடங்கிப் பத்தாண்டில் செத்த மரங்களை அகற்ற மட்டும் 1.8 கோடி முதல் 6 கோடி டாலர் வரை ஆகும் என்று 2011-ல் கணக்கிட்டது. ஒரே மாவட்டத்துக்கு. நிழல் போனது, வீட்டு விலை குறைந்தது எல்லாம் இந்தத் தொகையில் இல்லை. வெட்டி ஏற்றிச் செல்கிற கூலி மட்டுமே. தெருக்கூட்டத்தில் தயங்குகிறவரிடம் காட்ட வேண்டிய எண் இதுதான்: அகழிக்குக் கொடுக்காவிட்டால் வேறு யாருக்கோ கொடுக்கத்தான் போகிறீர்கள்.

டெக்சாஸுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பொற்கன்னக் கதிர்க்குருவி என்ற பறவை மத்திய டெக்சாஸில்தான் கூடு கட்டும். அங்குள்ள ஜூனிப்பர் மரத்தின் பட்டையை உரித்துக் கூடு முடையும், ஓக் மரங்களில் புழு பொறுக்கும். 1990-ல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாகப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய அரசுப் பணம் உள்ள வேலை என்பதால், இயந்திரம் போக வழி வெட்டும்போது அதன் வாழிடத்தைப் பார்க்க வேண்டிய கடமை திட்டத்துக்கு வந்தது. ஓக் போனால் குருவிக்கும் கேடு, ஓக்கைக் காக்கக் கூடு கட்டும் காலத்தில் காட்டை அறுத்தாலும் கேடு. அலுவலரின் வரைபடத்தில் வேர், பட்டா, கேஸ் குழாய் இவற்றோடு குருவியும் சேர்ந்துகொண்டது.

அகழி மூடிய அடுத்த மழையில் புல் வந்துவிடும். இரண்டு வருடத்தில் எங்கே அறுத்தார்கள் என்று வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. வீடு கைமாறினால் வாங்கியவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அலுவலர் மட்டும் வரைபடத்தோடு வந்து, கோட்டின் வெளிப்பக்கமாக நடப்பார். எதிரே தெரிகிற பச்சையைப் பார்க்க மாட்டார். குனிந்து, உதிர்ந்த இலைகளில் நான்கைந்தைப் பொறுக்கி, நரம்பைப் பார்த்துவிட்டுக் கீழே போடுவார். இன்னும் பத்தடி நடந்து மறுபடி குனிவார்.